காட்டுத் தம்பி

ராத்திரி பதினொன்றரைக்குப் போன் அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. "உங்க காட்டுத் தம்பிதான்" என்று மனைவி திரும்பிப் படுத்துக்கொள்வாள். காடு அல்ல, கிராஃபிக்ஸ் காட்.

"சேர், நித்திரையா?"

"இல்லப்பா, சொல்லு."

"4070 சூப்பரா, 7800 எக்ஸ்டியா?"

கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை, எந்தத் தோட்டத்திலும் இப்படி ஒருத்தன் உண்டு. கொழும்புக் கடையில் நின்று சேர்த்த காசு. 4கேயில் கேம் விளையாட ஆசை. ஆசையில் தப்பில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னால்தான் வினை.

"என்விடியாவ எடு."

"அதுல 12 ஜிபிதானே சேர்? 4கேல திணறிப் போகுமே. ஏஎம்டில 16 இருக்கு."

"அப்ப ஏஎம்டி."

"ஐயோ, அது 263 வோட் இழுக்கும் சேர். இது 220தான். ரே ட்ரேசிங்னு வந்தா என்விடியாதான்."

"சரி, என்விடியா."

"12 ஜிபி சேர்…"

தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட ஸ்டேசனுக்கு அடியிலேயே வந்து நுழையுமே, அந்த மாதிரி. ஒருநாள் வெறுத்துப்போய், "ரெண்டும் வேணாம்டா" என்றேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. நான் ஒழுங்காகத் தூங்கியது அந்த இரண்டு நாள்தான்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, முதலில் வந்த போனும் அவனுடையதுதான். "சேர், திடீர்னு கரண்ட் போனா ரெண்டுல எது தாங்கும்?"

அவனுடைய காம்பராவுக்குப் போய்ப் பார்த்தேன். அயன் பெட்டி போட்டால் பல்ப் மங்குகிற வீடு. மேசையில் யாரோ கழித்துவிட்ட 19 அங்குல மொனிட்டர். 4கே திரைக்கு 83 இலட்சம் புள்ளி வேண்டும். இதில் இருப்பது பத்து இலட்சத்துச் சொச்சம். அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்பா ஃபெக்டரியில் தூள் சலிக்கிறவர். பிளேன்டீயை நீட்டியபடி சொன்னார்: "பிஓபியும் பிஓபிஎஃபும் ஒரே கொழுந்துதான் சேர். சல்லடைக் கண்ணுதான் வேற. இவனுக்கு எங்க வெளங்குது?" மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு காட்டின் சில்லையும் செய்துகொடுப்பது தாய்வானின் டிஎஸ்எம்சி என்ற ஒரே கம்பனி. பெரியவர் சொன்னது அப்படியே சரி.

யோசித்தால் பாவமாகவும் இருக்கிறது. இவனுக்கு முன்னால் லயத்தில் யாருக்கு எதைத் தெரிவு செய்யக் கிடைத்தது? தொரை காட்டிய மலை, கங்காணி பிரித்த நிரை. இதுவா அதுவா என்ற பேச்சே இவன் காலத்தில்தான் வந்திருக்கிறது. ஆற அமர ருசிக்கட்டும்.

பகலில் ருசிக்கக்கூடாதா? காலை ஏழரைக்கு எனக்குப் பள்ளிக்கூடம்.