தனுஷ்கோடி: 0 கோப்புகள்

ராத்திரி பத்தரை மணிக்குப் பாம்பனிலிருந்து மாமா போன் செய்தால், ஒன்று வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு.

"மாப்ளே, தனுஷ்கோடியக் காணோம்டா."

"அது 64லயே போயிருச்சே மாமா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது மாமாவுக்கு ஏழு வயது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653 பாசஞ்சர் திரும்பி வராததை யாரும் விளையாட்டாகப் பேச அவர் விடமாட்டார்.

"ஊர்ல இல்லடா. நீ பண்ணிக் குடுத்தியே, அதுல."

பண்ணிக் கொடுத்தது நான்தான். மாமா காலமெல்லாம் சேர்த்து வைத்த பத்திரிகைத் துண்டுகள், போட்டோக்கள், பாம்பன் பாலத்தைப் பற்றி யார் எங்கே எழுதினாலும் கத்தரித்து ஒட்டிய நோட்டுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரு வலைப்பக்கத்தில் கோப்புகளாக அடுக்கி, மேலே ஒரு தேடல் பெட்டியும் வைத்திருந்தேன். எழுத்தைத் தட்டத் தட்டப் பட்டியல் சுருங்கும். "வலைக் கண்ணி மாதிரி மாமா. வேண்டியது நிக்கும், பொடியெல்லாம் வெளிய போயிரும்" என்று விளக்கமும் சொன்னேன். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவரிடம் கண்ணியைப் பற்றி நான் பாடம் எடுத்தேன். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொன்னார்:

"உன் வலையில ஓட்டை."

"எந்த பிரவுசர்ல பாக்குறீங்க?"

"இன்டர்நெட்டுலதான்."

"இல்ல மாமா, அதுல என்ன படம் போட்டிருக்கு? கலர் கலரா வட்டமா? நரியா? திசைகாட்டியா?"

"காம்பஸ் போட்டுல கிடக்குடா. வீட்டுக்குள்ள அது எதுக்கு?"

விசாரித்ததில் மாமா நரி என்று தெரிந்தது. அத்தையின் போனில் வட்டம். இரண்டிலும் என் பெட்டி ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை, அதுவும் வேறு வேறு விதமாக.

நரிக்கு ஞாபகசக்தி அதிகம். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாலும் பெட்டியில் முன்பு எழுதியதை அப்படியே வைத்திருக்கும். நல்ல குணம்தான். ஆனால் என் நிரல், யாராவது விசையைத் தட்டினால்தான் கண் விழிக்கும். ஆகவே பெட்டியில் 'பாலம்' என்று இருக்கும், கீழே பட்டியல் முழுசாக விரிந்திருக்கும். "இறால் படத்தக் காட்டி பாலம்ங்குதுடா" என்று மாமா சொன்னதன் பொருள் இதுதான்.

வட்டத்துக்கு அளவுக்கு மீறிய உபசாரம். அத்தை கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருந்ததால், தேடல் பெட்டியையும் உள்நுழையும் இடம் என்று நினைத்து அத்தையின் பயனர் பெயரைத் தானே நிரப்பிவிட்டது. அந்தப் பெயரில் கோப்பு ஏது? பட்டியல் காலி. தானாக நிரப்பாதே என்று எழுதி வைத்திருந்தேன். இந்த வேண்டுகோளை எல்லா உலாவிகளும் எப்போதும் கேட்பதில்லை என்பதைப் பிறகுதான் படித்தேன். போதாததற்கு, ஆண்ட்ராய்டு விசைப்பலகையில் எந்த எழுத்தைத் தட்டினாலும் உலாவிக்குப் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் போய்ச் சேரும். க தட்டினாலும் 229, ம தட்டினாலும் 229. எண்ணைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கும்படி எழுதியது என் அறிவுக் கொழுந்து.

விசையைக் கவனிக்காமல் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் கவனிக்கும்படியும், பக்கம் திறந்தவுடன் ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படியும் மாற்றினேன். பெட்டியின் பெயரையும் வகையையும் மாற்றி உபசாரத்தை நிறுத்தினேன். எல்லாம் சரியானது. தனுஷ்கோடி மட்டும் வரவில்லை.

அந்த சனிக்கிழமை நேரிலேயே போனேன். மாமா வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தெற்குவாடிப் பக்கமிருந்து கருவாட்டு வாசம் வந்துகொண்டிருந்தது. பட்டியலில் 'தனுஷ்கோடி ஸ்டேஷன்' கண்ணெதிரே நிற்கிறது. கன்ட்ரோல் எஃப் அடித்தால் உலாவி மஞ்சள் பூசிக் காட்டுகிறது. என் பெட்டியில் அதே சொல்லைத் தட்டினால், 0 கோப்புகள்.

"எனக்குத் தெரியுது, அதுக்கும் தெரியுது, உனக்கு மட்டும் தெரியல" என்றார் மாமா.

கடைசியில் இரண்டு தனுஷ்கோடியையும் எண்ணிப் பார்த்தேன். மாமா தட்டியதில் 9 குறிகள். கோப்பின் பெயரில் 10. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. குட்டு 'கோ'வில் இருந்தது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாக உடைத்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது விதி. அந்தக் கோப்புகளுக்குப் பெயர் வைத்தது மாமாவின் மகன், அவனுடைய பழைய மேக் கணினியில். 2017ல் புதிய கோப்பு முறை வரும்வரை மேக் கணினிகள் பெயர்களை உடைத்தே சேமித்தன. விதிப்படி அதில் தப்பில்லை. அந்த உலாவியின் தேடலுக்கு இந்த விதி தெரியும். குறியோடு குறியை மட்டும் ஒப்பிட்ட என் நிரலுக்குத் தெரியாது.

இதை மாமாவுக்கு எப்படிச் சொல்வது? யூனிகோடு என்றால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். பாலத்தைக் காட்டினேன்.

"1914ல கட்டுன பழைய பாலத்துல கப்பல் எப்படிப் போகும்?"

"ரெண்டு பக்கமும் ஆளுக நின்னு நெம்புவாங்க. ரெண்டு இறக்கையும் தனித்தனியாத் தூக்கும், நடுவுல போகும்."

"மூடிட்டா?"

"ஒரே பாலம். ரயில்ல போறவனுக்கு வித்தியாசமே தெரியாது."

"2025 ஏப்ரல்ல திறந்தாங்களே, புதுசு?"

"அது 72.5 மீட்டர், ஒத்தத் துண்டு. லிஃப்ட் மாதிரி அப்படியே நேரா மேல போகும்."

பேப்பரில் 'கோ' என்று எழுதிக் காட்டினேன். இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால், நடுவில் 'க' கப்பல் மாதிரி போகிறது. மாமா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப எம்மகன் எழுதுனது பழைய பாலம். நான் தட்டுனது புதுப் பாலம்."

பத்து வருஷ அனுபவத்தில் நான் கேட்ட மிகத் தெளிவான தொழில்நுட்ப விளக்கம் அதுதான்.

மருந்து ஒரே வரி. பெயரையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 2015லேயே அதற்கென்று ஒரு கட்டளை வந்துவிட்டது; நான்தான் கூப்பிடவில்லை. எழுதிச் சேமித்தேன். மாமா 'தனுஷ்கோடி' என்று ஒற்றை விரலால் தட்டினார். 37 கோப்புகள். ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சர்ச் சுவர், மணலில் புதைந்த தண்டவாளம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நான் பேசவில்லை.

வெகுநேரம் கழித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "புயலுக்கப்புறம் பாலத்தைச் சரி பண்ணுன மனுஷனப் பாப்போம்" என்று 'ஸ்ரீதரன்' தட்டினார்.

0 கோப்புகள்.

வியர்த்துவிட்டது. ஸ்ரீயின் முதலெழுத்தாக ஸ வரலாம். 2005ல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' என்ற இன்னொரு எழுத்தும் வரலாம். பல எழுத்துருக்களில் இரண்டு ஸ்ரீயும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் இவை ஒன்றென்று எந்த விதியும் சொல்லவில்லை. என் ஒரு வரி மருந்து இங்கே செல்லாது.

"என்னடா, இதுவும் பாலம்தானா?"

"இல்ல மாமா, இது வேற. கொஞ்சம் டைம் குடுங்க."

மாமா திரையைக் காட்டினார். "இவரு அம்புட்டுப் பெரிய பாலத்தையே 46 நாள்ல முடிச்சாருடா."

"அதே 46 நாள் எனக்கும் குடுங்க மாமா."