தண்ணி காட்டும் பம்ப்

கேள்வி: கார் ஹீட் ஆகிறது. மெக்கானிக் பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் 'வாட்டர் பம்ப் போச்சு சார்' என்கிறார். நம்பலாமா?
— திண்டுக்கல் வாசகர்

பதில்: நம்புங்கள். ஆனால் பம்பிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதன் அடிப்பக்கம் சின்னதாக ஒரு துளை இருக்கும். உள்ளே தண்டைச் சுற்றியிருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்தத் துளை வழியாகச் சொட்டும். காட்டிக்கொடுப்பதற்கென்றே தயாரிப்பாளர் விட்ட துளை அது. பிறகு இன்ஜினை அணைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, புல்லியைப் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடத்தால் பேரிங் காலி. சொட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை என்றால் முதலில் கூலன்ட் அளவு, ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி ஆகிய நால்வரையும் விசாரியுங்கள். அவர்களும் நிரபராதிகள் என்றால் மறுபடி பம்பிடமே வரலாம். சில பம்புகளில் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் இறக்கை மட்டும் உடைந்திருக்கும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

கேள்வி: அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால்?
— சிக்கன சிகாமணி, ஈரோடு

பதில்: திருடனைப் பார்த்துக் குரைக்கும் நாயின் வாயைக் கட்டியது போல ஆகும். வெளியே போக வழியில்லாத கூலன்ட் பேரிங்குக்குள் போகும். கிரீஸ் கரையும், பேரிங் இறுகும், பெல்ட் அறும். அந்த பெல்ட் எது என்பதைப் பொறுத்து உங்கள் சிக்கனத்தின் விலை ஏறும்.

கேள்வி: அது என்ன, எந்த பெல்ட்? நானே வீட்டில் பம்ப் மாற்றலாம் என்று ஸ்பேனர் செட் வாங்கி வைத்திருக்கிறேன்!
— ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக், நாமக்கல்

பதில்: ஸ்பேனரைத் தொடுமுன் கேட்கவேண்டிய ஒரே கேள்வி இதுதான்: உங்கள் பம்பைச் சுற்றுவது எது?

அம்பாசடரில் பம்பின் மூக்கிலேயே ஃபேன் இருக்கும், ஃபேன் பெல்ட் சுற்றும். எல்லாம் கைக்கெட்டும் தூரம். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களிலும் பம்ப் வெளியேதான். ஆல்டர்னேட்டர் பக்கத்து பெல்ட் சுற்றுகிறது. இடம் நெருக்கடி, முட்டி தோல் உரியும், அவ்வளவுதான். இந்த வகை என்றால் தாராளமாக இறங்குங்கள்.

ஃபோக்ஸ்வாகனின் 1.6 லிட்டர் டீசல் போன்றவை வேறு ஜாதி. அங்கே பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். அதைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலே இன்ஜின் ஒழுங்காக ஓடாது. பல பல் தள்ளிப்போனால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய வேலை அடுத்த சம்பளம் வரை நீளும். இன்ஜினைப் பூட்டி நிறுத்தும் கருவிகளும் பழகிய கையும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பட்டறையில் கொடுக்கும்போது பம்ப், டைமிங் பெல்ட், டென்ஷனர் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பிரிக்கும் கூலி ஒன்றுதான்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஓடும் ஃபோர்டின் 3.5 லிட்டர் வி6 இன்ஜின் சில மாடல்களில் பம்ப் இன்ஜினுக்குள்ளேயே டைமிங் செயினில் ஓடுகிறது. சீல் போனால் கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். அதை வடிவமைத்த புண்ணியவான் தன் காரைத் தானே ரிப்பேர் செய்பவராக இருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: என்னுடையது வெளி பெல்ட்தான். ஆரம்பிக்கட்டுமா?
— மதுரை வாசகர்

பதில்: இன்ஜின் ஆறட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அழுத்தத்தில் இருக்கும் வரை உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்த தண்ணீர், மூடி திறந்ததும் குபீரென்று பொங்கும். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் போகவேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

புல்லி போல்ட்டுகளை, பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டை எடுத்தபின் புல்லி உங்களோடு சேர்ந்து சுற்றும். பம்ப் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றில் பம்பின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் திணித்தால் அலுமினியம் பேசாது, விரிசல் விடும். பழைய பேக்கிங்கைச் சுரண்ட கத்தி வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள்தான். சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், சரியான அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஜிம்முக்குப் போகிற மைத்துனர் உதவிக்கு வந்தால் டார்ச் லைட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேக்கிங்கோடு அனபாண்டும் தாராளமாகத் தடவினால் ஒழுகவே ஒழுகாதல்லவா?
— திருப்பூர் வாசகர்

பதில்: ஒழுகாது. உள்ளே பிதுங்கிய பசை பிய்ந்து போய் ரேடியேட்டர் குழாயை அடைக்கும். ரப்பர் வளையம் வைத்த பம்புக்குப் பசையே கூடாது, வளையத்தில் கூலன்டைத் தொட்டுத் தடவினால் போதும். காகிதப் பேக்கிங்குக்கும் கம்பெனி சொல்லியிருந்தால் மட்டும், மெல்லிய ஒரு கோடு.

கேள்வி: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்குமாமே?
— லாரி ஓட்டுநர் மகன், சங்ககிரி

பதில்: ரேடியேட்டரில் ஊசித்துளை என்றால் ஊர் வந்து சேரும் வரை ஒருவேளை நிற்கலாம். பம்பின் சீல் சுற்றிக்கொண்டே இருக்கும் தண்டின்மேல் இருக்கிறது, அங்கே மஞ்சளால் உட்கார முடியாது. மிச்சத்தைச் சாம்பாருக்கு வையுங்கள்.

கேள்வி: புதுப் பம்ப் மாட்டியும் ஹீட் ஆகிறது. எலுமிச்சம்பழம் நசுக்க மறந்ததுதான் காரணமா?
— வேலூர் வாசகர்

பதில்: காற்றை வெளியேற்ற மறந்தது காரணமாக இருக்கலாம். காலியான கூலன்ட் வழிகளில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுத் திருகு இருந்தால் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரி வாக்கில் திறந்ததும் மட்டம் இறங்கும். ஆறவிட்டு மறுபடி நிரப்புங்கள். 'தெர்மோஸ்டாட்டையே பிடுங்கிப் போட்டுடலாம் சார்' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இன்ஜின் சூடேறாமலே ஓடி, பெட்ரோலைக் குடித்துத் தேயும்.

கேள்வி: கூலன்ட் விற்கும் விலையில்... போர் தண்ணீர் ஊற்றினால் என்ன?
— சென்னை வாசகர்

பதில்: உங்கள் வீட்டு கெய்சரைப் பிரித்துப் பாருங்கள், பதில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அடர் கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், அதாவது பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர், கலக்குங்கள். கலந்தே விற்பதை அப்படியே ஊற்றுங்கள். நம் ஊரில் உறையப்போவதில்லைதான். ஆனால் துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அந்தப் பச்சைத் தண்ணீர்தான்.

கேள்வி: வடித்த பழைய கூலன்டைத் தெருவில் ஊற்றலாமா?
— கோவை வாசகி

பதில்: கூடவே கூடாது. பெரும்பாலான கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிக்கும். நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும், குழந்தைக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் பிடித்து, கொட்டாமல் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவாமே! பாதியில் முள் சிவப்பைத் தொட்டால்?
— சேலம் வாசகர்

பதில்: முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து ஹீட்டரை முழுவேகத்தில் போடுங்கள். வீட்டார் திட்டுவார்கள், இன்ஜின் வாழ்த்தும். சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். 'இன்னும் நாலு வளைவுதானே' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும், அலுமினிய ஹெட் வளையும். அந்தச் செலவில் பல பம்புகள் வாங்கலாம்.

கேள்வி: மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்த பம்ப் தொல்லையே இல்லையே!
— நவீனன், ஓசூர்

பதில்: நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரியையும் திரவம்தான் குளிர்விக்கிறது, அதைச் சுற்றவைக்க அங்கும் பம்ப் உண்டு, பெல்ட்டுக்குப் பதில் மோட்டார். பம்பே இல்லாத கார்தான் வேண்டுமென்றால் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் தேடுங்கள், அதற்குக் காற்றே போதும். ஏசியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.