முகாம் மூத்தவர்

முகாம் மூத்தவர் என்பவர் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், மெர்செட் ஆற்றங்கரையில், கோடைதோறும் காணப்படும் ஒரு மனித வகை. வயது ஐம்பதுக்கு மேல். வெளுத்துப்போன தொப்பி, கழுத்தில் தொங்கும் டார்ச், இடுப்பில் திருப்புளி முதல் கத்தரிக்கோல் வரை மடங்கியிருக்கும் ஒரு பேனாக்கத்தி. உடைமைகளில் எதுவாவது புத்தம் புதிதாக இருந்தால் அவர் மூத்தவர் ஆக இன்னும் நாள் இருக்கிறது என்று பொருள். பூங்கா நிர்வாகம் அவருக்குச் சம்பளமோ சீருடையோ தருவதில்லை. ஆனால் முகாமை நடத்துவது தாம்தான் என்பதில் அவருக்கு ஐயம் கிடையாது. ரேஞ்சர்களைத் தமக்குக் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகளாகப் பாவித்து, எதிரே வரும்போது ஒரு தலையசைப்பு தருவார்.

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. இருபுறமும் செங்குத்தான கருங்கல் சுவர், நடுவே பைன் மரங்கள், அவற்றுக்கிடையே பனி உருகி ஓடிவரும் மெர்செட். இந்தப் பகுதியில் அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் என்று மூன்று முகாம்கள் உள்ளன. கேம்ப் 4 என்று இன்னொன்றும் உண்டு. அது பாறையேறும் இளைஞர்களின் பேட்டை. மூத்தவர் அந்தப் பக்கம் போவதில்லை. கயிற்றில் தொங்கியபடி இரவு தூங்குகிறவனுக்குப் படுக்கை விரிப்பது பற்றி என்ன சொல்லித்தர முடியும்?

முகாமில் ஒவ்வொரு கூடாரத்துக்கும் எண்ணிட்ட இடம் ஒன்று ஒதுக்கப்படும். மூத்தவரின் உலகில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஆற்றைப் பார்த்த எண் கிடைத்தவர்கள் முதல் பந்தி. கழிப்பறைக்கு எதிரே கிடைத்தவர்கள் கடைசிப் பந்தி. இரவு முழுக்க அவர்கள் கூடாரத்தின்மீது பிறர் டார்ச் வெளிச்சம் அடித்துக்கொண்டே இருக்கும். எந்த எண்ணில் காலை வெயில் எத்தனை மணிக்கு விழும், எதில் பாறை உறுத்தும், எதில் மழைநீர் தேங்கும் என்பதெல்லாம் மூத்தவருக்குத் தலைகீழ்ப் பாடம். இப்போது இல்லாத இடங்களின் எண்களும் அவருக்குத் தெரியும். 1997 ஜனவரியில் மெர்செட் பெருவெள்ளமாக வந்து அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்ற இரண்டு முகாம்களையும், மற்றவற்றின் ஆற்றோர இடங்கள் பலவற்றையும் அடித்துப் போயிற்று. பூங்கா அவற்றைத் திரும்பக் கட்டவில்லை. அந்த இடங்களைப் பற்றிப் பேசும்போது மூத்தவரின் குரல், கைவிட்டுப் போன பூர்வீக வீட்டைப் பற்றிப் பேசுகிறவர் குரல்போல் தழுதழுக்கும்.

இடம் பிடிப்பது தனிக் கலை. முன்பதிவு ஐந்து மாதம் முன்னால்வரை, ஒரு மாதத்துக்கு ஒரு தொகுதியாக, 15ஆம் தேதி காலை 7 மணிக்கு இணையத்தில் திறக்கும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிய அனுபவம் ஆகாது. அன்று காலை 6.45க்கு மூத்தவர் வீட்டில் மனைவி ஒரு கணினி, மகன் ஒரு கணினி, வேறு ஊரிலிருக்கும் மருமகன் ஒரு கணினி என்று ஆளுக்கொரு முனையில் தயாராக இருப்பார்கள். மருமகன் அமைந்ததே அவனுடைய இணைய வேகத்தைப் பார்த்துத்தான் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. நார்த் பைன்ஸுக்குக் குலுக்கல் முறை சோதனையாக வந்தபோது, உழைப்புக்கு மதிப்பில்லாத காலம் பிறந்துவிட்டதாக மூத்தவர் வருந்தினார்.

முகாமுக்கு அவர் கொண்டுவரும் சாமான்களைப் பார்த்தால் வீடு மாற்றுகிறார் என்றே தோன்றும். தரைவிரிப்பு, கூடாரம், அதற்கு மேல் தார்ப்பாய், வாசலில் மிதியடி, மிதியடிக்குப் பக்கத்தில் செருப்பு விட ஒரு தட்டு. பிறகு விளக்குமாறு. வீட்டில் அதைத் தொட்டறியாதவர், இங்கே கூடாரத்தை ஒரு நாளைக்கு நான்கு முறை பெருக்குவார். வெளியே இருப்பது முழுவதும் மண் என்பது அவரைத் தளரச் செய்வதில்லை.

தம் குடும்பம் குடியேறியதும் அவர் முகாமின் வட்டப் பாதையில் ஒரு சுற்று கிளம்புவார். கோயில் பிராகாரத்தைத் தர்மகர்த்தா சுற்றுவதுபோல, கைகளைப் பின்னால் கட்டியபடி. புதிதாக வந்த குடும்பம் ஏதாவது கூடாரக் கம்புகளோடு மல்லுக்கு நின்றால் சற்று எட்டத்தில் நின்று பார்ப்பார். பத்து நிமிடம் பேசமாட்டார். உதவி உடனே கிடைத்தால் அதன் அருமை தெரியாது என்பது அவர் கருத்து. கணவன் மனைவிக்குள் சண்டை முற்றிய பிறகு அருகே போய், “முதல் தடவையா?” என்பார். பதில் எதுவானாலும் அடுத்த இருபது நிமிடம் போயிற்று. முளையைச் சாய்த்து அடிக்க வேண்டும். தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். காற்று மெத்தை விடியற்காலைக் குளிரில் தளர்ந்துபோகும், அதை ஓட்டை என்று நினைத்துக் கடைக்காரனோடு சண்டைக்குப் போகக் கூடாது. சொல்வதெல்லாம் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் கேட்பவரை அதிகம் எரிச்சலூட்டுவது.

ஆனால் அவர் உச்சத்துக்குப் போவது கரடி விஷயத்தில்தான்.

யோசெமிட்டியில் இருப்பது அமெரிக்கக் கருங்கரடி. பெயரில்தான் கறுப்பு, பெரும்பாலானவை பழுப்பாகவே இருக்கும். இதைப் புதியவர்களுக்கு விளக்காமல் மூத்தவர் இரவுச் சாப்பாட்டில் உட்காருவதில்லை. பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் கரடிகளுக்குக் குப்பை உணவைப் போட்டு, சுற்றுலாக்காரர்களை உட்காரவைத்து வேடிக்கை காட்டினார்கள். 1940இல்தான் அந்த வழக்கம் நின்றது. மனிதச் சாப்பாட்டின் ருசியை அறிந்த இனம் அதை மறக்குமா? 1998இல் மட்டும் பூங்காவில் கரடிச் சேட்டைகள் ஆயிரத்தைத் தாண்டின. காரின் கதவை மேல்விளிம்பில் பிடித்து, மீன் டப்பா மூடிபோல் வளைத்துத் திறக்கும் வித்தை அவற்றுக்குக் கைவந்தது. 2001 முதல் 2007 வரை உடைக்கப்பட்ட வண்டிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 29 சதவீதம் மினிவேன் என்று கண்டார்கள். இரவில் அங்கே நிற்கும் வண்டிகளிலோ மினிவேன் 7 சதவீதம்தான். குழந்தைகள் இருக்கைக்கடியில் சிந்திவைக்கும் தின்பண்டம் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் ஊகம். மினிவேனில் வந்து இறங்கும் குடும்பத்திடம் மூத்தவர் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லும் அழகை, பிணை கிடைக்காது என்று வக்கீல் சொல்லும் தொனியோடு ஒப்பிடலாம்.

இதற்காகவே ஒவ்வோர் இடத்திலும் ஓர் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். உணவு மட்டுமின்றி வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும்: பற்பசை, சோப்பு, முகப்பூச்சு, காலியான ஐஸ் பெட்டிகூட. மூத்தவருடைய ஐஸ் பெட்டியின் உயரம் பதினேழே முக்கால் அங்குலம். டேப் பிடித்து அளந்து வாங்கியது. பக்கத்து இடத்துக்காரரின் ஐஸ் பெட்டி பத்தொன்பது அங்குலம் இருந்து உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும் காட்சி, அவருக்குப் பயணச் செலவு முழுவதையும் ஈடுகட்டிவிடும். யோசெமிட்டியில் கருங்கரடி யாரையும் கொன்றதாகப் பதிவு இல்லை என்ற தகவல் அவருக்குத் தெரியும். கேட்டால் ஒழியச் சொல்லமாட்டார்.

காலையில் ஆறு. ஜூன் மாத மெர்செட் நேற்றுவரை பனிக்கட்டியாக இருந்த தண்ணீர். முழங்கால்வரை இறங்கி நின்று, உதடு நீலம் பாரித்த நிலையில், “சுகமாக இருக்கிறது” என்று கரையைப் பார்த்துச் சொல்வது மூத்தவரின் நித்திய கடன். ஆகஸ்டில் நீர் வற்றிக் கூழாங்கல் தெரியும்போது மடக்கு நாற்காலியை ஆற்றின் நடுவிலேயே போட்டுக்கொண்டு, காலை நீரில் விட்டபடி உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து ஹாஃப் டோம் மலை தெரிந்தால், தாம் அதில் ஏறிய கதை வரும். உச்சிக்குப் போகும் கம்பி வடத்தை 1919இல் அமைத்தார்கள். இப்போது அதில் ஏற அனுமதிச் சீட்டு வேண்டும்; அவர் ஏறிய காலத்தில் வேண்டாம். அந்த மலையின் சரிவு ஆண்டுக்கு ஆண்டு செங்குத்தாகிக்கொண்டே போவதை, தொடர்ந்து கேட்டுவரும் அவர் மனைவி கவனித்திருக்கிறார்.

கோடையில் நெருப்பு மூட்ட மாலை 5 முதல் இரவு 10 வரைதான் அனுமதி. பள்ளத்தாக்கில் புகை தேங்கும். சுள்ளி பொறுக்கவும் கூடாது, விலைக்கு வாங்க வேண்டும். நெருப்பைச் சுற்றி மூத்தவர் பழங்கதைகளை அவிழ்ப்பார். கிளேசியர் பாயின்ட் உச்சியிலிருந்து இரவு 9 மணிக்குத் தணலைக் கொட்டி நெருப்பருவி காட்டிய வழக்கம் 1968 ஜனவரியோடு நின்றுபோனது. அதைச் சிறுவயதில் நேரில் பார்த்தவர் என்றால், மூத்தவர்களுக்குள்ளும் அவர் பீஷ்மர்.

பத்து மணிக்கு அமைதி நேரம் தொடங்குகிறது. காலை 6 மணிவரை சத்தம் கூடாது. 10 மணி 1 நிமிடத்துக்கு எங்கோ சிரிப்பொலி கேட்டால் அவர் படுக்கையிலிருந்து எழுந்து, செருப்புத் தட்டில் செருப்பைத் தேடி, டார்ச்சோடு கிளம்புவார். ஜெனரேட்டர் வைத்த பெரிய வண்டிக்காரர்கள் மீது அவருக்கு இருப்பது பரம்பரைப் பகை. காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 என்று அதற்குப் பூங்கா நேரம் வகுத்திருக்கிறது. குறட்டைக்கு நேரம் எதுவும் வகுக்கவில்லை. அந்தச் சலுகையை மூத்தவர் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வார்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து காரில் நான்கு மணி நேரம் ஓட்டிவரும் தமிழ்க் குடும்பங்களை இங்கே சொல்லியாக வேண்டும். கூடாரத்துக்கு மின்சாரம் கிடையாது என்பதால் அவர்கள் கேஸ் அடுப்பில் குக்கர் ஏற்றுவார்கள். முதல் விசிலுக்கு மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஜெனரேட்டர் நேரமா என்று. மூன்றாவது விசிலில் எழுந்து வருவார். சாம்பார்ப்பொடி டப்பாவும் பூண்டு ஊறுகாயும் இரும்புப் பெட்டிக்குள் போகவேண்டியவை என்று விளக்கிவிட்டு, கொடுத்தால் புளியோதரை ஒரு தட்டு வாங்கிக்கொண்டு போவார். ஆறு மாத விசாவில் மகனைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர் இதையெல்லாம் கவனித்து, “அவ்வளவு பெரிய வீட்டைப் பூட்டிட்டு வந்து, தரையில படுக்கிறதுக்குக் காசும் கட்டி, இவர்ட்ட திட்டும் வாங்கணுமாப்பா?” என்று கேட்பார். மகனிடம் பதில் இருக்காது.

நான்காவது கோடையில் நிலைமை மாறும். அந்த மகன் வெளுத்த தொப்பி ஒன்று அணிந்திருப்பான். ஐஸ் பெட்டியை டேப் பிடித்து அளந்து வாங்கியிருப்பான். வட்டப் பாதையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துபோகும்போது, இன்னொரு தமிழ்க் குடும்பம் கூடாரக் கம்புகளோடு தடுமாறுவதைப் பார்த்து எட்டத்தில் நிற்பான். பத்து நிமிடம் பேசமாட்டான்.

இடத்தைக் காலி செய்ய வேண்டிய நேரம் நண்பகல் 12 மணி. அடுத்து வருகிறவரும் மூத்தவர் என்றால், அவர் கார் 11.30க்கே எதிரில் வந்து நின்றுவிடும்.