பாசிர் கூடாங்கில் பனிக்கட்டி வழியே கெளுத்தி பிடித்தல்: ஓர் ஒப்பியல் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

உறைந்த ஏரியின்மேல் நின்று, பனிக்கட்டியில் துளையிட்டு, அத்துளை வழியே கெளுத்தி மீனைப் பிடிக்கும் கலை வட அமெரிக்காவின் மினசோட்டா, அயோவா முதலிய மாநிலங்களில் கையேடுகளும் கருவிகளும் நிறைந்த தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில், ஜொகூர் நீரிணையின் கரையில் அமைந்த மலேசிய நகரான பாசிர் கூடாங்கிலும் அக்கலை நாள்தோறும் விடியற்காலையில் பயிலப்படுகிறது. ஆயினும் அது இன்றுவரை அறிஞர் எவருடைய கவனத்தையும் பெறாமல் போனது வியப்புக்குரியது. இவ்வூரைப் பற்றி எழுதப் புகுவோர் 1977இல் இயங்கத் தொடங்கிய துறைமுகத்தையோ, செம்பனை எண்ணெய்த் தொட்டிகளையோ, உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து கூடும் பட்டத் திருவிழாவையோ எழுதி அமைந்துவிடுகின்றனர். காலைச் சந்தையின் ஈரத்தரையில் வைக்கப்பட்டிருக்கும் மீன்பெட்டியைக் குனிந்து நோக்கியவர் அவருள் ஒருவருமிலர்.

ஆய்வுக்கு முன் வரையறை வேண்டும் என்பது மரபு. ‘பனிக்கட்டி வழியே பிடித்தல்’ என்பது, பனிக்கட்டிக்கு மேலே நிற்கும் ஒருவர், அதற்குக் கீழே கிடக்கும் மீனை, இடைப்பட்ட பனிக்கட்டியை விலக்கி வெளிக்கொணர்தல் என இங்கு வரையறுக்கப்படுகிறது. மீன் உயிருடன் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை இவ்வரையறையில் இடம்பெறாமை தற்செயலன்று. அதைச் சேர்த்தால் இவ்வாய்வு இந்தப் பத்தியிலேயே முடிந்துவிடும்.

2. தட்பவெப்பத் தடைகள்

நீரிணை தானாக உறையுமா என்னும் வினாவை முதலில் தீர்த்துவிடுதல் நலம். உப்பு மிகுந்த கடல்நீர் உறைவதற்குச் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 1.8 பாகை செல்சியஸ் வரை குளிர வேண்டும். நீரிணையின் தென்கரையிலுள்ள சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையோ, 1989 பிப்ரவரியில் பாயா லேபாரில் காணப்பட்ட 19 பாகையேயாகும். குளிருக்குப் பெயர்பெற்ற கேமரன் மலையிலும் 1978இல் 7.8 பாகைக்குக் கீழே வெப்பமானி இறங்கவில்லை. எனவே இயற்கைப் பனிக்கட்டியை எதிர்பார்த்து நீரிணைக் கரையில் துரப்பணத்தோடு காத்திருப்பவர், காத்திருத்தல் என்னும் ஒரே பயனை மட்டும் அடைவர்.

ஒரு வாதத்துக்காக நீரிணையும் சுற்றியுள்ள குளங்களும் உறைந்துவிட்டதாகவே கொண்டாலும், உள்ளூர்க் கெளுத்தி அதற்கு ஒத்துழைக்காது. நன்னீர் 4 பாகையில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது என்பதால், உறைந்த ஏரியின் அடியில் சற்றே வெதுவெதுப்பான நீர் தங்குகிறது. ‘சானல்’ என அமெரிக்கர் பெயரிட்டழைக்கும் கெளுத்தி இனம் ஆழமான பள்ளங்களில் கூட்டமாகத் திரண்டு, உடலியக்கத்தைக் குறைத்துக்கொண்டு, அந்நீரில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. மலேசியர் ‘ஈக்கான் கெலி’ என்று வழங்கும் நன்னீர்க் கெளுத்தியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. செவுளுக்கு மேலே கிளைகிளையாகப் பிரிந்த ஒரு துணை உறுப்பைக் கொண்டு அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. அதன்பொருட்டு அடிக்கடி நீர்ப்பரப்புக்கு வந்தாக வேண்டும். பரப்பு மூடப்பட்டால் குளிர் ஒருபுறம் கொல்ல, மூச்சுத்திணறல் மறுபுறம் கொல்லும். இவ்வினத்தைச் சேர்ந்த ஆசியக் கெளுத்தி 1960களில் அமெரிக்காவின் புளோரிடாவில் பரவத் தொடங்கி, தரையில் ஊர்ந்து சாலைகளைக்கூடக் கடந்தபோதிலும், வடக்கே பரவவிடாமல் அதைத் தடுத்தது குளிர்காலமே. ஆகவே பாசிர் கூடாங்கில் பனிக்கட்டி மீனைத் தேடிச் செல்வதில்லை. மீனே பனிக்கட்டியைத் தேடி வந்து சேர வேண்டும் என்பது இவ்வியலின் முடிபு.

3. பனிக்கட்டியின் வருகை

பனிக்கட்டி இப்பகுதிக்கு வந்த வரலாறும் கெளுத்தியோடு தொடர்பற்றதன்று. பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் மாநில ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவ்வணிகத்துக்காக 1842ஆம் ஆண்டளவில் சென்னைக் கடற்கரையில் எழுந்த கிடங்கே இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அருகிலுள்ள வட்டாரத்துக்கு ஐஸ் அவுஸ் என்னும் பெயரையும் அது விட்டுச்சென்றது. 1846–47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டப்பட்டதைத் தம் நூலில் பதிவுசெய்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ, வெட்டிக் குவித்ததில் பெரும்பகுதி அங்கேயே உருகி மீண்டும் குளத்தை அடைந்ததையும், அக்குளத்தில் ‘பவுட்’ எனப்படும் சிறு கெளுத்தி வாழ்ந்ததையும் மறக்காமல் குறிக்கிறார். சிங்கப்பூரில் 1854இல் வாம்போவா எனப்பட்ட வணிகர் ஹூ ஆ கே அமெரிக்கப் பனிக்கட்டிக்கெனக் கிடங்கு அமைத்தார். இவற்றைத் தொகுத்து நோக்கின், அமெரிக்க ஏரியிலிருந்து கெளுத்தியின் கூரை மட்டும் கப்பலேறி இப்பக்கம் வந்தது என்பதும், அக்கூரையின்கீழ் வைப்பதற்கான கெளுத்தியை உள்ளூரிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது என்பதும் புலனாகும்.

4. களமும் கருவிகளும்

மினசோட்டாவில் ஒருவர் நடந்து செல்வதற்குப் புதிய பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலத் தடிப்பு உடையதாக இருத்தல் வேண்டும் என்று அம்மாநில இயற்கைவளத் துறை அறிவுறுத்துகிறது. பாசிர் கூடாங்கின் மீன்பெட்டியில் அத்தடிப்பு எளிதில் கிட்டும். வெப்பமண்டலத்தில் ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி என்பது மீன்வளத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவாகும். ஆயினும் பெட்டியின்மேல் ஏறி நின்று அத்தடிப்பைச் சோதிப்பதை வியாபாரிகள் விரும்புவதில்லை.

அமெரிக்கத் தூண்டிற்காரர் துரப்பணம், குட்டைத் தூண்டிற்கோல், துளையில் மிதக்கும் துகள்களை அள்ளும் சல்லடைக் கரண்டி, குளிர் தாங்கும் குடில் ஆகியவற்றைச் சுமந்து செல்கிறார். பாசிர் கூடாங்கில் துரப்பணத்துக்கும் கோலுக்கும் கரண்டிக்கும் பதிலாக வலக்கை ஒன்றே பயன்படுகிறது. இடக்கை கூடையைப் பற்றியிருக்கும். குடிலின் பணியைச் சந்தைக் கூரை செய்துவிடுகிறது.

பிடிக்கத்தக்க இனங்களையும் இங்கு வகைப்படுத்துதல் வேண்டும். வளர்ப்புக் குளத்திலிருந்து வரும் கெலி, பெரும்பாலும் தொட்டியில் உயிருடன் விற்கப்படுவதால் பனிக்கட்டிக்கு அப்பாற்பட்டது. பனிக்கட்டிக்குரியவை இரண்டு: ‘டூரி’ எனப்படும் கடற்கெளுத்தி ஒன்று, ‘செம்பிலாங்’ என்று மலாய்க்காரரும் இருங்கெளுத்தி என்று தமிழ்நாட்டு மீனவரும் வழங்கும், விலாங்கைப் போல் வால் நீண்ட இனம் மற்றொன்று. கரையோர நீரிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் திரியும் இவை இரண்டும் ஜொகூரின் புகழ்பெற்ற ‘அசாம் பெடாஸ்’ குழம்பிலும், தமிழர் வீட்டுப் புளிக்குழம்பிலும் ஒருசேர முடிவெய்துகின்றன.

பெட்டியின் எப்பகுதியில் கைவைப்பது என்பதில் இரு கொள்கைகள் நிலவுகின்றன. மேல்நிலைக் கொள்கையினர், இன்று வந்த மீன் மேலே இருக்கும் என்பர். அடிநிலைக் கொள்கையினரோ, வியாபாரி தள்ளிவிட நினைப்பதே மேலே இருக்கும் என்றும், நல்ல மீன் வாடிக்கைக்காரருக்கென அடியில் பதுக்கப்பட்டிருக்கும் என்றும் வாதிடுவர். குளிர்காலக் கெளுத்தி ஆழத்தையே நாடும் என்னும் அமெரிக்க அனுபவம் அடிநிலைக் கொள்கையை வலுப்படுத்துவதாகத் தோன்றினும், பெட்டியில் மீன் தானாக இறங்கிச் செல்வதில்லை என்பதால் அச்சான்றை ஓரளவு எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டும்.

5. இரையும் தடைக்காலமும்

கெளுத்திக்குத் தோல் முழுவதுமே நாக்கு எனலாம். சானல் கெளுத்தியின் உடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுவை அரும்புகள் உள்ளன. அதனால் அமெரிக்கர் நாற்றமிக்க பாலாடைக் கலவைகளையும் வெட்டிய மீன் துண்டுகளையும் இரையாக்குகின்றனர். பனிப்பெட்டிக் கெளுத்தி எதையும் சுவைக்கும் நிலையில் இல்லாததால், இங்கே இரை வியாபாரிக்கே இடப்படுகிறது. அவ்விரை இருவகைப்படும்: வெள்ளி எனத் தமிழர் வழங்கும் ரிங்கிட் நோட்டுகள் முதல் வகை, ‘குராங் லா’, அதாவது ‘கொஞ்சம் குறைத்துக்கொள்’ என்னும் மலாய்த் தொடர் இரண்டாம் வகை. மீன் விற்பவர் எவ்வினத்தவராயினும் வாங்கும் தமிழ்ப்பெண்ணை ‘அக்கா’ என்று விளித்தாரெனில், தூண்டில் எப்பக்கத்திலிருந்து வீசப்பட்டிருக்கிறது என்னும் ஐயம் எழுவது இயல்பு.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது. பாசிர் கூடாங் தமிழரிடையே அதற்கு நிகரான தடைக்காலம் புரட்டாசி மாதமாகும். அரசாணையோ ரோந்துப் படகோ இன்றி, வீட்டு மூத்தோரின் பார்வை ஒன்றினாலேயே பெரும்பாலும் இது நிறைவேற்றப்படுகிறது. கந்த சஷ்டியும் தைப்பூச விரதமும் துணைத் தடைக்காலங்கள். இத்தடைகளால் கெளுத்தி இனம் பெருகுகிறதா என்பதைவிட, தடை நீங்கிய மறுநாள் விலை பெருகுவதைக் கூர்ந்து நோக்குதல் பயன் தரும்.

6. இடர்கள்

உறைந்த ஏரியில் பனிக்கட்டி உடைந்து நீருள் விழுவதே பேரிடர். சந்தையில் அவ்விடர் இல்லையென்றாலும், அதற்கு ஈடாக முள் உண்டு. கெளுத்தியின் முதுகில் ஒன்றும் பக்கத் துடுப்புகளில் இரண்டுமாக மூன்று கூரிய முட்கள் உள்ளன. இருங்கெளுத்தியின் முள்ளில் நஞ்சு கடுமையானது என்பதோடு, மீன் இறந்த பின்னரும் அது குத்தும் ஆற்றலை இழப்பதில்லை. பழகிய வியாபாரிகள் முள்ளை முன்கூட்டியே தறித்துவிடுவர். எல்லாரும் பழகியவர் அல்லர்.

மீனின் புதுமையறிய மூன்று சோதனைகள் சொல்லப்படும்: கண் தெளிவாக இருத்தல், செவுள் சிவந்திருத்தல், அழுத்திய சதை மீளுதல். கெளுத்தியின் கண் மிகச் சிறிதாகையால் முதற்சோதனையால் பயன் குறைவு. எனவே செவுளைத் தூக்கிப் பார்க்க நேர்கிறது. செவுளுக்கு அடுத்து நிற்பது பக்கத் துடுப்பின் முள். அந்நேரத்தில் விரல்களோ உருகும் பனிக்கட்டியின் சுழியப் பாகையில் விறைத்து, எது முள், எது பனிக்கட்டிச் சில்லு எனப் பிரித்தறியும் திறனை இழந்திருக்கும். மீனை எவ்வளவு கவனமாகச் சோதிக்கிறோமோ அவ்வளவுக்கு விரல் முள்ளை நெருங்குகிறது. ஆய்வு முறையியலில் இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இந்நஞ்சு புரதத்தால் ஆனது, வெப்பத்தில் சிதைவது. ஆகவே குத்துண்ட கையை, வெந்துபோகாத அளவு தாங்கக்கூடிய, 45 பாகைக்கு மிகாத சுடுநீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருத்தல் முதலுதவியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. குளிர்நீரில் தொடங்கிய கலை சுடுநீரில் நிறைவுறுவது இதனாலேயே.

7. முடிவுரை

பனிக்கட்டி வழியே கெளுத்தி பிடித்தலில் பாசிர் கூடாங் மினசோட்டாவுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்பதும், வெறுங்கையோடு சென்றவர் வெறுங்கையோடு திரும்பும் விகிதத்தில் பாசிர் கூடாங்கே தெளிவாக மேம்பட்டது என்பதும் மேற்கண்டவற்றால் நிறுவப்பட்டன. எனினும் பெட்டியில் பனிக்கட்டியை நிரப்புவது எளிது. மீனை நிரப்புவது ஆற்றின் கையிலும் நீரிணையின் கையிலும் உள்ளது. 2019 மார்ச்சில் இவ்வூரின் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட நச்சுக்கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, 111 பள்ளிகள் மூடப்பட்டபோது, இவ்வூர் மக்கள் அதை எந்த ஆய்வுக்கட்டுரையின் துணையுமின்றி உணர்ந்தனர். கொங் கொங், பாசிர் பூத்தி முதலிய கரையோரக் கிராமங்களில் வலையிழுப்போர் இருக்கும்வரைதான் சந்தையில் இக்கலைக்குக் களம் உண்டு. ஆதலின் ஆற்றில் கழிவைக் கொட்டுவோரைத் தடுப்பது இத்துறையின் முதற்கடமை. இரண்டாவது கடமை வாசகருக்குரியது: கெளுத்தி வாங்கும்போது மூன்று முட்களையும் வெட்டித் தரச் சொல்லி வாங்குக, எடை போட்ட பின் வெட்டச் சொல்லாமல், வெட்டிய பின் எடை போடச் சொல்லுக.