பரனூர் டோல்கேட்டில் உற்சவர்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பரனூர் டோல்கேட்டில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துக் கும்பிட்டது. பக்கத்து வரிசை வண்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து, முழு பக்தியோடு. குழந்தை மேல் தப்பில்லை. காலடியில் ஊதா, கதவோரம் பச்சை, உச்சியில் பளீர் வெள்ளை, மார்புக்கு நேரே நீலம்; நடுவில் காதுகுத்து வீட்டுச் சந்தனமும் விபூதியுமாக நான். தீவட்டியும் நாதஸ்வரமும்தான் பாக்கி.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் பல்பு கதையை முடித்துவிடுகிறேன்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பல்பு. ஏசி குமிழ்களுக்குப் பின்னால் எரிகிற, நிலக்கடலை அளவு பல்பு. பதினைந்து வருஷம் உழைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. ஏசி இல்லாமல்கூட ஓட்டிவிடுவேன், ஏசி குமிழ் இருட்டில் கிடப்பது எனக்குப் பொறுக்காது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் ஒரு சாமானுக்காகப் போய் ஒரு சாமானோடு திரும்பியவர் யாராவது இருந்தால் அவர் இதைப் படிக்க வேண்டாம்.

கடைப் பையன் செத்த பல்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். "இதெல்லாம் இப்ப யார் சார் போடுறாங்க, எல்இடி போட்டுருங்க." சரி. "ஒண்ணு மட்டும் மாத்துனா மத்தது டல்லடிக்கும் சார்." சரி. "மீட்டர்ல போட்டுட்டு டோர்ல விட்டா நல்லாருக்காது சார்." சரி. நான்காவது சரிக்கு டேஷ்போர்டைக் கழற்றிப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டார்கள். டேஷ்போர்டு பின்சீட்டில் கிடக்கும்போது எவனாலும் பேரம் பேச முடியாது. 20 ரூபாய் பல்புக்குப் போனவன் 6,800 ரூபாய் கொடுத்துவிட்டு, "பார்த்து ஓட்டுங்க சார்" என்ற அறிவுரையை மட்டும் இலவசமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

கதவுப் பட்டைகளுக்கு ஒரு ஆப். "பதினாறு மில்லியன் கலர் சார்" என்றான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சிவப்பில் 256 படி, பச்சையில் 256, நீலத்தில் 256, பெருக்கினால் 1,67,77,216. பையன் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான். நொடிக்கு ஒரு நிறம் என்று தூங்காமல் கொள்ளாமல் பார்த்தாலும் 194 நாள் ஆகும். தைப்பொங்கலன்று வண்டியில் ஏறி உட்கார்ந்தால் ஆடியில்தான் இறங்கலாம்.

இத்தனை இருந்து என்ன, ஒன்றுக்காவது பெயர் உண்டா? ஒரு வட்டம் காட்டுகிறது. விரல் வைத்த இடம்தான் நிறம். என் விரல் பருமனுக்கு ஒரு தடவை வைத்தால் சில ஆயிரம் நிறங்கள் அடியில் நசுங்கிப் போகின்றன. பெயர் தெரியாததை எப்படிக் கேட்டு வாங்குவது? காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை ஜமக்காளத்தில் போய் உட்காருங்கள். மயில்கழுத்து, கிளிப்பச்சை, மாந்துளிர், வெங்காயத்தோல், மிளகாய்ப்பழம், கத்திரிப்பூ, வாடாமல்லி, அரக்கு, காப்பிக்கொட்டை, ஆனந்தா நீலம். "மயில்கழுத்துலயே நீலம் கொஞ்சம் தூக்கலா" என்று என் மனைவி சொன்னால், கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அடுக்கிலிருந்து உருவுகிறார். முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கென்று நெய்த நீலத்துக்கு எம்.எஸ். நீலம் என்றே பெயர் நின்றுவிட்டது. நீலத்தைச் சொன்னால் ஒரு குரல் காதில் கேட்கிற ஊர் இது. இங்கே வந்து "கலர் 37" என்கிறான்.

சரி, நாமே பெயர் வைத்துக்கொள்வோம் என்று மாம்பழ மஞ்சளைத் தேடினேன். அந்தப் பட்டையில் மஞ்சள் என்று தனியாக ஒன்று கிடையாது, சிவப்பையும் பச்சையையும் சேர்த்து ஏமாற்றுகிற வேலை. பச்சை ஒரு பிடி கூடிவிட்டது. அந்த வெளிச்சத்தில் என்னைப் பார்த்த தங்கை மகன், "மாமா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே, கீழாநெல்லி சாப்பிடுறீங்களா?" என்றான். அரக்கு தேடினேன், கிடைக்கவில்லை. காப்பிக்கொட்டையும் இல்லை. பழுப்பு என்பது வெளிச்சத்திலேயே இல்லாத நிறமாம். ஆரஞ்சை மங்கவைத்து, பக்கத்தில் அதைவிடப் பிரகாசமாக ஒன்றை வைத்தால் கண் அதைப் பழுப்பு என்று எடுத்துக்கொள்ளும். இருட்டுக் காரில் தனியாக எரியவிட்டால் வெறும் அழுமூஞ்சி ஆரஞ்சு. ஒண்ணே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைய நிறம் வைத்துக்கொண்டு காப்பிக்கொட்டை இல்லை என்கிறவனை எந்தக் கல்யாண வீட்டாராவது படியேற விடுவார்களா? இதில் கதவுப் பட்டையை பார்டர் என்றும் காலடி விளக்கை முந்தி என்றும் வைத்துக்கொண்டால், கான்ட்ராஸ்ட் எடுப்பதா, ஒரே நிறத்தில் எடுப்பதா என்று... வேண்டாம், விட்டால் ரவிக்கைத் துணி வரைக்கும் போய்விடுவேன்.

மீட்டருக்கு வருகிறேன். அங்கே நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை, பையனே "ஐஸ் ப்ளூ" போட்டுவிட்டான். சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962-லேயே எரியவிட்டார். பளிச்சென்று எரிகிற நீலத்துக்கு அதற்கப்புறம் முப்பது வருஷம் ஆயிற்று. அதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீலம் கிடைத்ததால்தான் வெள்ளை எல்இடி வந்தது, வீட்டுக் கரண்டு பில் இறங்கியது. அந்த மேதைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் மிதியடிக்கு வெளிச்சம் காட்டுவதற்காக அவர்கள் பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

என் வண்டியின் முள்கள் ஆரஞ்சுச் சிவப்பு. பழைய பல்பின் வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கும், முள்ளுக்குத் தேவையானதை அது எடுத்துக்கொள்ளும். இந்த நீலத்தில் சிவப்பு மருந்துக்கும் இல்லை. ஆகவே முள் கறுத்து, கறுப்பு மீட்டரோடு கரைந்துவிட்டது. எண்கள் மட்டும் ஜொலித்தன. என்னென்ன வேகத்தில் போகலாம் என்று தெரிந்தது, எந்த வேகத்தில் போகிறேன் என்று தெரியவில்லை. பெட்ரோல் மீட்டர் பக்கம் சுத்தமாக இருட்டு. எல்இடி ஒருவழிப்பாதை, திருப்பிச் சொருகினால் எரியாது. அங்கே திருப்பிச் சொருகியிருக்கிறார்கள். போனில் கேட்டதற்கு, "மறுபடி டேஷ்போர்டைக் கழட்டணும் சார்" என்றான், நான் ஏதோ ஆசைப்பட்டுக் கேட்டது போல.

ஞாயிற்றுக்கிழமை வந்தவாசிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் காதுகுத்து. ராத்திரி சாப்பாடு முடிந்து கிளம்பினோம். இருவழிச் சாலை. எதிரே வருகிறவன் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டினான். "என்னங்க, போலீஸ் நிக்குதோ?" என்றாள் மனைவி. சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டேன். போலீஸ் இல்லை. இன்னும் அடித்தார்கள். எதிரே வருகிறவனுக்கு டிம் அடிக்கத் தெரியாத ஜனங்கள் என்று ஆரம்பித்து, லைசென்ஸ் கொடுக்கிற முறை, வளர்ப்பு, தேசத்தின் எதிர்காலம் எல்லாவற்றையும் பத்து கிலோமீட்டருக்குப் பேசினேன். இந்த ஹைபீம் ஒழிய வேண்டும் என்று பத்திரிகைக்கு மூன்று தடவை கடிதம் எழுதியவன் நான். ஒன்று பிரசுரமும் ஆயிற்று.

டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் கிட்டே வந்தார். "பெரியவரே, ஊர்லேர்ந்து ஹைபீம்லயே வர்றீங்களே, கண்ணு தெரியலியா?"

ஹைபீம் போட்டால் மீட்டரில் ஒரு சின்ன நீல விளக்கு எரியும். உலகம் பூராவும் அதற்கு நீலம்தான். மீட்டரே நீலமான பிறகு அதை எங்கே போய்த் தேடுவது? ஹைபீமைவிட அந்தப் "பெரியவரே" எனக்கு இன்னும் ஆறவில்லை.

திண்டிவனம் தாண்டியதும் மனைவி ஆரம்பித்தாள். அந்த ஆப்பில் மியூசிக் மோடு என்று ஒன்று உண்டு, சத்தத்துக்குத் தகுந்தபடி விளக்கு ஆடும். அது எப்போது ஆன் ஆனது என்று தெரியவில்லை. பாட்டு ஓடவில்லை, வண்டிக்குள் ஒரே ஒரு சத்தம்தான். "ஒரு பல்பு வாங்கத் துப்பில்லை" என்றதும் பச்சை. "6,800 ரூபாய்!" என்றதும் சிவப்பு சுழன்றது. எங்கள் அம்மாவைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது கதவிலிருந்து காலடி வரை ஊதா அலையலையாக ஓடியது. நான் பதில் சொன்னால் அதற்கும் ஆடுகிறது என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். மேல்மருவத்தூர் அருகே, வெயிலில் இளகியிருந்த ஒட்டுப் பட்டை பிய்ந்து பச்சையாக என் பாதத்தின் மேல் விழுந்தது. பாம்பு என்று நினைத்துப் போட்ட பிரேக்கில் பின்சீட்டிலிருந்த தாம்பூலப் பைகள் முன்னுக்கு வந்தன. நான் போட்ட அலறலுக்கும் அது ஆடியது. அப்புறம்தான் பரனூர், அந்தக் குழந்தை.

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகுமாம். நீல வெளிச்சம் அந்தப் பழக்கத்தைச் சட்டென்று கெடுக்குமாம், சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காதாம். அதனால்தான் நீர்மூழ்கிக் கப்பல்களில் ராத்திரிச் சிவப்பு விளக்கு வைத்தார்கள். இதையெல்லாம் 6,800 ரூபாய் கொடுத்த பிறகு படித்தேன்.

திங்கட்கிழமை காலையில் அதே கடைக்குப் போய்ப் பழைய பல்புகளைத் திரும்பக் கேட்டேன். "அன்னிக்கே குப்பையில போட்டுட்டோம் சார்." புதுப்பேட்டையில் இரண்டு மணி நேரம் அலைந்தேன். என் வண்டி மாடலின் கதவு கிடைக்கிறது, கியர்பாக்ஸ் கிடைக்கிறது, ஸ்டியரிங்கோடு முழு முன்பக்கமும் கிடைக்கிறது. பல்பு கிடைக்கவில்லை.

ஆகவே வாசகர்களில் யாரிடமாவது, 12 வோல்ட்டில் எரிகிற, எந்த நிறமும் இல்லாத, நிலக்கடலை அளவு பழைய மீட்டர் பல்பு இருந்தால் கொடுத்து உதவுங்கள். மீட்டருக்கு நாலு, ஏசி குமிழுக்கு ஒன்று. அந்தக் குமிழுக்குப் பல்பு போட மட்டும் கடையில் மறந்துவிட்டார்கள்.