தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: லண்டன் ஏலத்தில் நீலம், செங்காவி, தங்கம் மூன்றும் தீட்டிய பழைய தட்டு ஒன்று எடுத்தேன். ஜப்பான் பீங்கான் என்று நம்பலாமா?

பதில்: அந்த மூன்று நிறமும் சொல்வது ‘இமாரி’ பாணி என்பதை மட்டும்தான், பிறந்த ஊரை அல்ல. சீனாவில் மிங் ஆட்சி கவிழ்ந்து சூளைகள் தடுமாறிய நேரத்தில், டச்சு வணிகர்கள் ஜப்பானின் அரிடா பக்கம் திரும்பினார்கள். அங்கே செய்த சரக்கு இமாரி துறைமுகம் வழியே கிளம்பி, 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பியப் பிரபுக்களைக் கிறங்கடித்தது. ஐரோப்பிய ஆலைக்காரர்கள் விடுவார்களா? டெல்ஃப்ட், மைசென், வூஸ்டர், டார்பி என்று ஆளாளுக்கு அதே பாணியில் இறங்கிவிட்டார்கள். சீனர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் ‘இமாரி’ செய்து கப்பலேற்றினார்கள்.

விளிம்பில் எங்காவது சில்லு தெறித்திருந்தால் முதலில் அங்கே பாருங்கள். உள்ளே மஞ்சள் களிமண் தெரிந்தால் டெல்ஃப்ட். அது பீங்கானே இல்லை, வெள்ளீய மெருகு பூசிய மண்பாண்டம். வெள்ளையாகத் தெரிந்தால் தட்டைக் கவிழ்த்துங்கள். அரிடா களிமண் கடுஞ்சூட்டில் தொய்யும். தட்டின் வயிறு தொங்கிவிடாமல் இருக்க, அடியில் குட்டி குட்டியாகக் களிமண் முட்டுகள் கொடுத்துச் சுடுவார்கள். வெந்தபின் தட்டி எடுத்துவிடுவார்கள். அடிவட்டத்துக்குள் மூன்றோ நான்கோ ஐந்தோ சிறு வடுக்கள் மிஞ்சும். ஏலக்காரர் சொல்வதைவிட அந்த வடுக்கள் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: என் தட்டில் மூன்று வடு இருக்கிறது! உறவினரைக் கூப்பிட்டு விருந்து வைக்கலாமா?

பதில்: அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். இங்கிலாந்தின் செல்சி தட்டுகளிலும் மூன்று வடு உண்டு. அடிவட்டத்தை விரலால் தடவுங்கள். அரிடா தட்டு அந்த வட்டத்தின்மேல் நின்றுதான் வெந்தது. அதனால் அங்கே மெருகு இராமல் சொரசொரக்கும். செல்சியில் பல தட்டுகளுக்கு அடிவட்டத்தின் மேலும் மெருகு வழிந்திருக்கும். அப்படியே சூளையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் மூன்று கால் முட்டு. இன்னும் சந்தேகமா? பலமான விளக்குக்கு எதிரே பிடியுங்கள். 1750களின் செல்சியாக இருந்தால் மங்கிய வெளிச்சத்துக்கு நடுவே பிரகாசமான சின்ன வட்டங்கள் தெரியலாம். ‘நிலாக்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர். நிலா தெரிந்தால் விருந்து வைக்கலாம், ஜப்பானுக்காக இல்லாவிட்டாலும்.

கேள்வி: சுண்டினால் கணீரென்று ஒலிக்கிறது. அசல்தானே?

பதில்: விரிசல் இல்லை என்று அர்த்தம். வாழ்த்துகள்.

கேள்வி: அடியில் ஆறு எழுத்து முத்திரை இருக்கிறது. தெரிந்தவர் படித்துவிட்டுச் சீன அரசர் பெயர் என்கிறார். அப்படியானால் ஜப்பான் இல்லையா?

பதில்: ஜப்பானாக இருக்கலாம். 1465 முதல் 1487 வரை ஆண்ட செங்ஹுவா அரசரின் பெயரை, இருநூறு ஆண்டு கழித்து அரிடாக்காரர்கள் மரியாதையோடு தங்கள் தட்டுகளில் எழுதிக்கொண்டார்கள். வூஸ்டர்க்காரர்கள் ஒரு படி மேலே போய், உலகில் எவராலும் படிக்க முடியாத சதுர முத்திரைகளைத் தாங்களே வரைந்துகொண்டார்கள். களிமண், மெருகு, வடு, தூரிகை எல்லாவற்றையும் விசாரித்த பிறகு கடைசியாகக் கூப்பிட வேண்டிய சாட்சி முத்திரை.

கேள்வி: ஐரோப்பியர்கள் ஏமாற்றுவதற்காகவே இப்படிச் செய்தார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஷாந்தியி, போ, செல்சி ஆலைகளில் வாங்கியவர்கள் தெரிந்தேதான் வாங்கினார்கள். ஆனால் ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சாக்சனியை ஆண்ட அகஸ்டஸுக்குப் பீங்கான் பைத்தியம். 1717இல் 600 குதிரைவீரர்களைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்து 151 பாத்திரங்கள் வாங்கியவர். அவருடைய மைசென் ஆலையை 1729இல் லெமேர் என்ற பாரிஸ் வியாபாரி அணுகினார். ஜப்பானின் ககியெமோன் பாணியில் அச்சு அசலாகச் செய்து தாருங்கள், உங்கள் குறுக்கு வாள் முத்திரை மட்டும் வேண்டாம் என்றார். உள்ளே கைகொடுத்தவர் அமைச்சர் ஹொய்ம் பிரபு. மாதிரிக்கு அரசரின் சொந்தச் சேகரிப்பிலிருந்தே ஜப்பான் பாத்திரங்கள் ஆலைக்குப் போயின. முத்திரை இல்லாமல் முடியாது என்று வந்தபோது, வாள்களை மெருகுக்கு மேலே தீட்டினார்கள். பாரிஸ் போனதும் சுரண்டிவிட்டால் சரக்கு ஜப்பானாகிவிடும்! 1731இல் குட்டு உடைந்தது. ஹொய்ம் கைதானார், சரக்கு பறிமுதல். அதன்பிறகு சுரண்ட முடியாதபடி வாள்கள் மெருகுக்கு அடியில் போயின.

ஆகவே அடியின் நடுவே சுரண்டிய தடம் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். இன்றைய ஏலங்களில் அந்த மைசென் ‘போலி’, ஜப்பான் அசலைவிட அதிகம் போவதுண்டு.

கேள்வி: ஓவியத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: கண் பழகினால் முடியும். ககியெமோன் ஓவியர் தட்டில் பெரும்பகுதியை வெறும் பால்வெள்ளையாக விட்டுவிட்டு, ஓரமாக ஒரு கிளை, இரண்டு காடை வரைந்து எழுந்துபோய்விடுவார். ஐரோப்பிய ஓவியருக்கு அந்த வெறுமை பொறுக்காது. சந்தேகத்துக்கிடமாக ஒரு பூச்சி தனியே பறந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். சூளையில் விழுந்த குழியை மறைக்க மைசெனிலும் செல்சியிலும் பூச்சி பறக்கவிட்டார்கள்.

கேள்வி: என் செல்சி கிண்ணத்தைப் பார்த்த நண்பர் ‘சாம்சன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டினாரா?

பதில்: கிட்டத்தட்ட. 1845இல் பாரிஸில் தொடங்கிய நிறுவனம் அது. உடைந்த தொகுப்புகளுக்குக் குறைந்த உருப்படியைச் செய்து கொடுப்பதில் ஆரம்பித்து, பிறகு அருங்காட்சியகத்தில் இருப்பதையெல்லாம் செய்தது. 1969 வரை ஓடியது. பழைய செல்சி மென்பீங்கான். சாம்சன் அதையும் வன்பீங்கானில் செய்தது. கிண்ணம் கண்ணாடிபோல் இறுகி, மெருகு சற்றுச் சாம்பல் ஓடியிருந்தால், ஜப்பானை நகலெடுத்த இங்கிலாந்தை நகலெடுத்த பிரான்ஸ் உங்களிடம் இருக்கிறது. அதற்கும் ஆள் உண்டு, விலைதான் வேறு.

கேள்வி: இந்த மாதிரித் தட்டில் சாப்பிடலாமா?

பதில்: டார்பியின் இக்கால ‘1128’ இமாரி என்றால் தாராளமாக; மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், தங்கம் பொறி பறக்கும். பழைய தட்டில் மேலே தீட்டிய வண்ணங்களில் ஈயம் இருக்கும், புளி அதைக் கரைக்கும். இட்லி மட்டும் என்றாலும் சாம்பார் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். சுவரில் மாட்டுங்கள்.