தெப்பமும் திசைமாறாப் பயணமும்: மதுரையின் கப்பலோட்டம் குறித்து ஓர் ஆய்வு

கடல் பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்காரர் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏற வேண்டும். ஆகவே இவ்வூருக்குக் கப்பலோட்டத் தெரியாது என்று சில அறிஞர்கள் சொல்லக்கூடும். அவர்கள் தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளக் கரைக்கு வந்ததில்லை என்பதே என் முதல் கருதுகோள்.

1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய இக்கடல் சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர். நடுவில் ஒரு தீவு. அதன் பெயர் மைய மண்டபம். ஆண்டுக்கொரு முறை மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பமேறிக் காலையில் இரண்டு சுற்று, இரவில் ஒரு சுற்று வருகிறார்கள். கரையை ஒட்டியே சுற்றினால்கூட மூன்று சுற்றும் சேர்ந்து இரண்டு கடல்மைலைத் தொடாது. 2017-18-ல் நம் கடற்படைப் பெண் அதிகாரிகள் ஆறு பேர் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் 254 நாளில் 21,600 கடல்மைல் சென்று உலகைச் சுற்றினார்கள். அதே தூரத்தைத் தெப்பம் கடக்கக் குறைந்தது 11,200 ஆண்டுகள் ஆகும். குளம் வறண்ட ஆண்டுகளைக் கழிக்காவிட்டால் இதுவரை மூன்று சதவீதம் முடிந்திருக்கிறது. அவசரம் ஒன்றுமில்லை.

கலத்தின் அமைப்பைப் பார்ப்போம். பாய் இல்லை, எஞ்சின் இல்லை. அந்நாளைய தூத்துக்குடிப் பாய்த்தோணியில் தண்டல் என்ற தலைவர் சுக்கானைப் பார்ப்பார், பண்டாரி என்ற சமையல்காரர் உலையைப் பார்ப்பார், மற்றவர்கள் பாயோடு மல்லுக்கட்டுவார்கள். வேலை முழுக்கக் கலத்துக்குள்ளேதான். தெப்பத்திலோ உந்துவிசை கரையில் நிற்கிறது. வடத்தை ஊர் இழுக்கிறது, கலம் பின்னால் வருகிறது. எப்போதும் வலம் என்பதால் இடப்பக்கம் திரும்பும் தொல்லையும் கிடையாது. காற்று விழுந்துவிட்டால் கடலோடிகள் நாள்கணக்கில் வானத்தைப் பார்த்துக் கிடப்பார்கள். இங்கே காற்று விழுந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது.

புறப்பாட்டுக்கு முன் ‘தெப்பம் முட்டுத்தள்ளுதல்’ என்றொரு சடங்கு உண்டு. அயல்நாட்டார் இதைக் கப்பல் வெள்ளோட்டம் என்பார்கள். எங்கள் பெயரில்தான் வேலை என்னவென்று தெரிகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். நெடுங்கடல் படகில் அலைக்கேற்ப அடுப்பு சாய்ந்து கொடுக்கும்படி அதை ஊசலாட விட்டிருப்பார்கள். இல்லையென்றால் சாம்பார் தரைக்குப் போகும். மதுரைக் கப்பலோட்டத்தில் சமையல் முழுவதும் கரையில்: சுண்டல், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், ஜிகர்தண்டா. கலம் ஒரு சுற்று முடிப்பதற்குள் பார்வையாளர் இரண்டு சுற்று சாப்பிட்டு முடிக்கிறார். குடிநீர் விஷயத்தில் மட்டும் இரு கடல்களும் ஒன்று: கண்முன் அவ்வளவு தண்ணீர், குடிக்கக் கேனைத் தேட வேண்டும்.

நண்பகலில் தெய்வங்கள் தீவில் ஓய்வெடுக்கிறார்கள். அவர்கள் திரும்பும்வரை கோயில் நடை சாத்தியிருக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வெளியூர் போகும் மதுரை வழக்கத்துக்கு இதுவே மூலம் என்று நான் நிறுவ முயன்றேன், வீட்டில் ஏற்கவில்லை.

ஆய்வின் மிகச் செழிப்பான பகுதி வறண்ட காலம். முன்பெல்லாம் குளத்தில் பல ஆண்டுகள் சொட்டுத் தண்ணீர் இருக்காது. தெப்பம் கட்டுவார்கள், அலங்கரிப்பார்கள், தெய்வங்கள் ஏறுவார்கள். கலம் மட்டும் நகராது. நிலைத் தெப்பம் என்று பெயர். மாலுமிகளுக்கு இதைவிட நிம்மதியான பயணம் கிடையாது: புயல் இல்லை, வாந்தி இல்லை, எங்கே இருக்கிறோம் என்ற கணக்கு ஒருபோதும் பிசகாது. திருவிழா முடிந்ததும் கடலடியில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். சிக்ஸர் அடித்தால் பந்து தீவுக்குப் போகும்; நடந்தே போய் எடுத்து வரலாம். அண்மை ஆண்டுகளில் வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்து நிறைத்துவிட்டதால் அந்த ஆட்டக்காரர்கள் அகதிகளாகிவிட்டார்கள். கடல்மட்டம் உயர்வதன் பாதிப்பைப் பேசுவோர் இவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கள ஆய்வுக்காக நானும் ஒருமுறை வடம் பிடித்தேன். பத்தடி போயிருப்போம். பின்னால் நின்ற பெரியவர் கேட்டார்: “ஏப்பா, இழுக்குறியா, தொங்குறியா?”

போதிய தரவு இல்லாததால் விடை அடுத்த தைப்பூசத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.